பத்து நிமிச நம்பர்

அந்த ஜன்னலைச் சித்தெ சாத்திக்கறீங்களா? காத்துக்கோசரம் சொல்லலீங்க. மடியில பேப்பரு இருக்குது, அத்தனையும் ஒரிஜினலு. பறந்துச்சுன்னா பொங்கலூர்ல எறங்கிக் காட்டுக்குள்ள தேடோணும். ஆங், போதுமுங்க. இந்த வண்டி பதினோரு மணிக்குள்ளார கோயமுத்தூர் போயிருமுங்களா? ஒரு ஆபீசுல பதினொன்னேகாலுக்கு நேரங் குடுத்திருக்காங்க. எதுக்குன்னு அப்பறம் சொல்றேன். நீங்க பல்லடமா, சூலூரா? கோயமுத்தூரேதானா. அப்பச் செரி, பேசிட்டே போலாம்.

உங்க போனுக்கு மெசேஜ் வந்துச்சே, பாத்தீங்களா? பாருங்க, பாருங்க. ஓடிபிதானே? அதுக்கு எதுக்குங்க கையை வெச்சு மறைக்கறீங்க! நான் பாக்க மாட்டேனுங்க. பாத்துப் பாத்துச் சலிச்ச ஆளு நானு. ஏழெட்டு வருசமா என்ற போனுக்கு வந்ததுல முக்காவாசி அடுத்தவங்க நம்பருதான். எங்கூர்ல அதுக்கு ஓடிபின்னு பேரு இல்லை. பத்து நிமிச நம்பருன்னுதான் பேரு. பத்து நிமிசம் போச்சுன்னா செத்துரும் பாருங்க, அதனால.

எம்பேரு சென்னிமலைங்க. பேரைச் சொன்னா எங்கூர்ல ஒருத்தருக்கும் தெரியாது, செக்ரட்டரின்னாத் தெரியும். பால் சொசைட்டி செக்ரட்டரி. ஊரு வெள்ளாங்காட்டுவலசு. குண்டடத்துல எறங்கி நாலு மைல் உள்ள போகோணும். பால்ல ஆரு தண்ணி ஊத்தறாங்க, எத்தனை தண்ணி ஊத்தறாங்கன்னு முகத்தைப் பாத்தே சொல்லிருவேன். மெசினு சொல்றது அப்பறம்தான்.

ஆதார் எடுக்கறதுக்குப் பள்ளிக்கூடத்துல வந்து ஒக்காந்தாங்க பாருங்க, அப்ப எங்கூர்ல போனு வெச்சிருந்தது நாலஞ்சு பேரு. கையை வெய்யி, கண்ணைக் காட்டுன்னு எல்லாத்தையும் எடுத்துட்டு, கடைசியில போன் நம்பர் சொல்லுங்கறாங்க. வயசானதுகளும் பொம்பளைகளும் திருதிருன்னு முழிக்குதுக. இல்லாட்டி வேண்டாம், காலியா விட்டுறலாமுங்கறான் அந்த மெசின்காரன். அதெப்படீங்க காலியா விடறது? ஒரு கட்டம் காலியா இருந்தா எனக்குப் பொறுக்காது. சொசைட்டி நோட்டுல இத்தனை வருசத்துல ஒரு கட்டம் நான் காலியா விட்டதில்லீங்க. என்ற நம்பரைப் போடுன்னேன். அவனும் போட்டான். அடுத்த ஆளுக்கும் போட்டான். பொழுதெறங்கறதுக்குள்ள இருநூத்திப் பதினாலு பேருக்கு என்ற நம்பரு. எங்க வூட்டுல நானு, என்ற சம்சாரம் மயிலாத்தாள், எங்க புள்ளை பவதாரணி, மூணு பேருக்கும் அதேதான்.

அஞ்சாறு வருசம் ஒன்னுமே தெரியலீங்க. பொறவு பாருங்க, எதைத் தொட்டாலும் நம்பரு. ரேசன் கார்டுக்கு நம்பரு, பட்டாவுக்கு நம்பரு, பென்சனுக்கு நம்பரு, புள்ளைக காலேசுல சேர்றதுக்கு நம்பரு. அத்தனை நம்பரும் எங்க வரும்? இந்தச் சட்டைச் சோப்புல இருக்கற போனுக்கு வரும். பால் ஊத்த வர்றவங்களைக் காட்டியும் நம்பருக்கு வர்றவங்கதான் எச்சு. "செக்ரட்டரி, வந்திருச்சுங்களா?" "செக்ரட்டரி, சித்தெ பாருங்க." கண்ணாலத்துக்குப் போனா மொய் வெக்கற எடத்துல என்னை முன்னாடி விடுவாங்க. மருவாதிங்க. நான் கேட்டு வாங்குனதில்லை.

ஆனா ஒன்னு, எதுக்குன்னு தெரியாம நம்பரைச் சொல்ல மாட்டேன். பொறுப்பு வேணுமில்லீங்களா? சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்கோணுமில்லீங்க. "எதுக்கு?"ன்னு ஒரு வார்த்தை. காரணம் நாயமா இருந்தா அடுத்த நிமிசம் சொல்லிருவேன். நாயமில்லைன்னா, "இன்னும் வரலையே"ம்பேன். பத்து நிமிசம் கழிச்சு அது தன்னால செத்துரும். ஆருக்கும் மனஸ்தாபம் இல்லை.

கோகிலான்னு ஒரு புள்ளைங்க, எங்கூருக்கு வாக்கப்பட்டு வந்தவ. மாமியா ராமாத்தாகூட ஒத்து வரலை, தனி ரேசன் கார்டுக்கு எழுதிப் போட்டுட்டா. அவங்க வூட்டுக் கார்டுல இருக்கறது என்ற நம்பருதானே, எனக்கு மெசேஜு வருது. அவளும் ஓடியாறா. எதுக்குன்னு கேட்டேன். முழுங்கி முழுங்கிச் சொன்னா. நான் என்ன பண்ணுனேன், நம்பர் வரலைன்னுட்டு, ராமாத்தா சாயங்காலம் பால் கொண்டாந்தப்பக் காதுல போட்டு வெச்சேன். ஒரு குடும்பம் ரெண்டாப் போறதைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? அன்னிக்கு ராத்திரி அங்க பெரிய ரகளையாம். கோகிலா ரெண்டு நாள் சோறு உங்கலையாம். ஆனா குடும்பம் ஒன்னாத்தான் இருந்துச்சு. கோகிலா மட்டும் அப்பறம் என்னைப் பாத்தா சிரிக்கறதில்லை. நல்லது செஞ்சா அப்படித்தானுங்க.

நீங்க கேக்கறது செரிதான். இப்பத்தான் ஆளாளுக்கு போனு இருக்குதே, நம்பரை மாத்திக்கலாமேங்கறீங்க. மாத்தலாம். குண்டடத்துல போயி நாள் பூரா வரிசையில நிக்கோணும். ஒரு நாள் காட்டு வேலை போயிரும். செக்ரட்டரிதான் இருக்காரேன்னு விட்டுட்டாங்க. நானும் மாத்திக்கங்கன்னு சொல்லலை. நானா எதுக்குங்க சொல்லோணும்?

இப்ப எங்க வூட்டுக் கதைக்கு வாரேன். அதுதான் என்ற வயித்தெரிச்சல்.

பவதாரணியை மஸ்கட்டுல வேலை பாக்கற மாப்பிள்ளைக்குக் குடுத்தோமுங்க. தங்கமான பையன். புள்ளை முழுகாம இருக்கறான்னு சேதி வந்துச்சு, ஊருக்கே லட்டுக் குடுத்தேன். தலைப்பிரசவம் தாய் வூட்டுலதானே? ஏழாம் மாசம் கூட்டியாந்துறலாம்னு இருந்தோம். அஞ்சாம் மாசத்துல டாக்டரம்மா நஞ்சுக்கொடி கீழ எறங்கி இருக்குது, ஏரோபிளேன்ல ஏறக் கூடாது, கட்டலை விட்டே எறங்கக் கூடாதுன்னுட்டாங்களாம். மாப்பிள்ளை காலையில ஆறு மணிக்குப் போனா பொழுதோடதான் வருவாரு. கட்டலுக்குப் பக்கத்துல பிளாஸ்க்குல பாலும் ரொட்டியும் வெச்சுட்டுப் போறாராம். புள்ளை ஒண்டியா மோட்டுவளையைப் பாத்துட்டுப் படுத்திருக்கறா.

மயிலாத்தாள் அன்னிக்கே சொல்லிட்டா, நான் போறேன்னு. மாப்பிள்ளை விசாவுக்கு ஏற்பாடு பண்றேன்னுட்டாரு. பாஸ்போர்ட்டுதான் வேணும். "ஏனுங்க, நான் போயி எழுதிப் போட்டுட்டு வரட்டுங்களா?"ன்னு கேட்டா. பாக்கலாம்னேன். மக்யா நாளும் கேட்டா. பாக்கலாம்னேன். பாக்கலாம்னா வேண்டாம்னு அர்த்தம், இருவத்தெட்டு வருசம் குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதுங்களா?

நானென்ன கல்நெஞ்சுக்காரனுங்களா? வூட்டுல நாலு கறவை இருக்குது. வெள்ளென நாலு மணிக்கு எந்திரிச்சுக் கறக்கோணும். நான் சொசைட்டியைப் பாப்பனா, மாட்டைப் பாப்பனா? காபி வெக்கத் தெரியாதுங்க எனக்கு. அது மட்டுமில்லை, அந்தக் காலத்துல எங்கம்மா காட்டுல களை எடுக்கறப்பவே என்னைப் பெத்துட்டு, தொப்புக்கொடியை அருவாள்ல அறுத்துட்டு நடந்தே வந்துச்சாம். இதைச் சொன்னா மயிலாத்தாள், "உங்கம்மாளுக்கு முன்னாடி மூணு போயிருச்சே, அதையும் சொல்லுங்க"ங்கறா. எதிர்ப்பேச்சு எப்பவும் பேச மாட்டாளுங்க, அப்பப் பேசுனா.

ஒரு நாள் சொசைட்டியில பால் டெஸ்ட் பண்ணிட்டு இருக்கறேன், போன் வருது. புது நம்பரு. பாத்தா மயிலாத்தாள். குண்டடத்துல கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்து, அங்க இருக்கற புள்ளையோட போன்ல பேசறா. "ஏனுங்க, நம்பரு வந்திருக்குமாம், சொல்லுங்க." அதெப்படி, என்கிட்டச் சொல்லாமயே போயிட்டா பாருங்க! எதுக்குன்னேன். பாஸ்போர்ட்டுக்குங்கறா. "வூட்டுக்கு வா, பேசிக்கலாம்"னு வெச்சுட்டேன். பேசலை. அவளும் கேக்கலை.

ரெண்டு நாள் கழிச்சு மறுக்காப் போனா. இந்தத் தடவை, "டவர் இல்லை புள்ள, நம்பர் வரலை"ன்னேன். வந்து கையிலதான் இருந்துச்சு. சொசைட்டியில வேற ஆளுக இருந்தாங்க, அவங்க முன்னாடி மாட்டேன்னு சொல்லி அவளைக் கேவலப்படுத்தக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். நாலு தடவை நம்பரு கேட்டு, நாலு தடவையும் செத்து, மதியம் வரைக்கும் அங்கயே ஒக்காந்திருந்துட்டு வந்தா.

அன்னிக்குப் பொழுதோட மாப்பிள்ளை பேசுனாரு. புள்ளைக்குக் கொஞ்சம் ரத்தம் பட்டுருச்சு, ஆஸ்பத்திரியில ஒரு நாள் வெச்சிருந்து அனுப்பிட்டாங்கன்னாரு. இப்ப எப்படி இருக்கறான்னு நானும் ரெண்டு தடவை கேட்டேனுங்க. பெத்தவனில்லீங்களா? மயிலாத்தாள் எம்முகத்தையே பாத்தா. "நாளைக்குப் போறேன். நம்பரைச் சொல்லீருங்க"ன்னா. சொல்றேன்னேன்.

சொன்னேனுங்க. ஆனா நாலாவது எடத்துல ஏழுன்னு இருந்துச்சு, நான் ஒன்னுன்னு சொன்னேன். தப்பு நம்பருங்குது. மறுக்காக் கேட்டா, மறுக்காவும் ஒரு எடத்துல மாத்திச் சொன்னேன். மூணாந்தடவை மாத்திச் சொன்னதும் இன்னிக்கு அவ்வளவுதான்னு அந்தக் கம்ப்யூட்டர் மூடிக்கிச்சு. தெரிஞ்சேதான் சொன்னேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க எறங்கிப் போயிருவீங்க. பயந்தானுங்க, வேற என்ன. போனா வருவாளான்னு ஒரு பயம். வயசு அம்பத்தாறாச்சு, அந்த வூட்டுல நான் ஒண்டியா ஒரு ராத்திரி படுத்ததில்லை.

வூட்டுக்கு வந்தவ கோவப்படவே இல்லை. "உங்களுக்குக் கண்ணு மங்கலாயிருச்சாட்ட இருக்குது. நாளைக்கு ஆஸ்பத்திரி போலாம்"ன்னா. எனக்கு மனசு குளுந்து போச்சு. இத்தனைக்கு அப்பறமும் என்ற கண்ணைப் பத்திக் கவலைப்படறா பாருங்கன்னு. பல்லடத்துக்குக் கூட்டிட்டுப் போனா. டாக்டரு எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னாரு. நான் கடேசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சேன். "உங்க வயசுக்கு இந்தப் பார்வை அதிசயம், கண்ணாடியே தேவையில்லை"ன்னாரு டாக்டரு. நான் பெருமையா மயிலாத்தாளைப் பாத்தேன். அவ தலையை ஆட்டிக்கிட்டா.  பஸ்ஸுல இந்த மாதிரித்தான், ஜன்னலோரம் ஒக்காந்துட்டு வெளியவே பாத்துட்டு வந்தா.

அதுக்கு அடுத்த புதன்கெழமை, ஒறம்பரை வூட்டுச் சீரு, சொந்தக்காரங்களைப் பாத்துட்டு வாரேன்னு தாராபுரம் போயிட்டு வந்தா. அன்னிக்கு மத்தியானத்துல இருந்து என்ற போன்ல சிக்னல் இல்லை. அவசரத்துக்கு மட்டும்னு என்னமோ எழுதிக் காட்டுது. டவர்ல கோளாறுன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். பக்கத்து வூட்டுக்காரனுக்கும் அதே கம்பெனி சிம்முதான், அவன் பேசிட்டுத்தான் இருக்கறான். அது புதுப் போனு, எட்டத்துல இருந்து இழுத்துக்கும்னு நானே அவனுக்கு வெளக்கஞ் சொன்னேன். ரெண்டாவது நாள் தண்ணி டேங்கு மேல ஏறிப் பாத்தேன். இல்லை.

இன்னொரு விசயமும் நான் கவனிச்சேன். அந்த மூணு நாளும் எங்க வூட்டுப் பொறக்கடையில ஒரே பொம்பளைக் கூட்டம். போறதும் வர்றதும் குசுகுசுன்னு பேசறதும். மோருக்கு வர்றாங்கன்னு நெனச்சேன். வெய்யக் காலமில்லீங்களா? கோகிலாகூட வந்துட்டுச் சிரிச்சுட்டே போனா. செரி, கோவம் ஆறிருச்சுன்னு சந்தோசப்பட்டேன்.

நாலாவது நாள் தாராபுரத்துல சிம் கடைக்குப் போனேன். அந்தப் பையன் தட்டிப் பாத்துட்டு, "இந்த நம்பருக்கு வேற சிம்மு வாங்கிட்டாங்களே"ங்கறான். ஆருடா வாங்குனதுன்னேன். "ஆரு பேர்ல இருக்குதோ அவங்கதான். கைரேகை வெச்சு வாங்கியிருக்காங்க. மயிலாத்தாள்னு இருக்குது."

எனக்கு அங்கயே ஒக்காந்துக்கலாமாட்ட ஆயிருச்சுங்க. என்ன ஆச்சுன்னா, அந்தக் காலத்துல சிம் வாங்கறதுக்கு ஓட்டர் கார்டு கேட்டாங்க. என்ற கார்டுல படம் வேற ஆருதோ வந்திருந்துச்சு, மீசையெல்லாம் வெச்சு நல்லா இருப்பான். அதைக் காட்டுனா குடுக்க மாட்டேன்னுட்டாங்க. செரின்னு சம்சாரத்தோட கார்டைக் காட்டி வாங்குனேன். அப்பறம் ஒருக்கா ஆதாரை வெச்சுக் கைரேகை வெய்யின்னாங்க, அவளைக் கூட்டிட்டு வந்து வெக்கச் சொன்னேன். பேருதானே அவளுது, நம்பரு என்றதுதானேன்னு இருந்துட்டேன். பேரு ஆருதோ நம்பரும் அவங்களுதாம். இதை ஒருத்தனும் சொல்லலீங்க எனக்கு.

வூட்டுக்குப் போனா, மோர் கடைஞ்சுட்டு இருக்கறா. இடுப்புல சுருக்குப்பை, அதுக்குள்ளார ஒரு சின்ன பட்டன் போனு.

"ஏன் எடுத்தே?"ன்னேன்.

"என்றதுங்க. எடுத்தேன்."

"அது ஊரு நம்பரு புள்ள!"

"ஊருக்குத்தான் சொல்லிட்டு இருக்கறேன்."

"அப்ப எனக்கு?"

"கேளுங்க, சொல்றேன்."

அவ்வளவுதான். பாஸ்போர்ட்டுக்கு நேத்தே போட்டுட்டாளாம், தேதியும் குடுத்துட்டாங்களாம். நான் கையை ஓங்கலீங்க, எங்க வம்சத்துல அந்தப் பழக்கம் இல்லை. பேசாம இருந்தேன். பன்னெண்டு நாளு ஒரு வார்த்தை பேசலை. அவ கண்டுக்கவே இல்லீங்க. சோத்தைப் போட்டு வெச்சுட்டு அவ சோலியைப் பாக்கறா. பேசாம இருக்கறது எத்தனை சிரமம்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

பன்னெண்டாம் நாள் போலீஸ்காரரு விசாரிக்க வந்தாரு. அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு கையெழுத்து வேணும்னாரு. ஊரே வந்து வாசல்ல நிக்குது, நான் போடறேன் நீ போடறேன்னு. ராமாத்தாகூட வந்து நிக்கறா. அவருக்கே ஒன்னும் புரியலை. கடைசியில என்னைப் பாத்து, "சம்சாரம் வெளிநாடு போறாங்க, உங்களுக்கு ஆட்சேபணை ஒன்னுமில்லையே?"ன்னாரு. கேக்கோணும்னு சட்டமெல்லாம் இல்லை. பேச்சுக்குக் கேட்டாரு.

மயிலாத்தாள் கதவு நெலவுல கையை வெச்சுட்டு நின்னா. பன்னெண்டு நாள்ல அப்பத்தான் என்னை நேராப் பாத்தா. எனக்குத் தெரியுமுங்க, நான் ஒரு வார்த்தை இழுத்துச் சொன்னாப் போதும், அந்தப் பேப்பரு ஒரு மாசம் தள்ளிப் போயிரும்.  "ஒன்னுமில்லீங்க"ன்னுட்டேன். ஏன் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே வெளங்கலை. புள்ளை மொகம் கண்ணுக்குள்ள வந்துச்சு, அதுதான்னு நெனைக்கறேன்.

போயிட்டா. வழியனுப்ப நான் போகலீங்க, கறவைக்கு ஆளில்லை. வாசப்படி வரைக்கும் போனேன். "மாவு பிரிட்ஜுக்குள்ள இருக்குது, செவலை மாட்டுக்குத் தவுடு எச்சா வெக்காதீங்க"ன்னா. செரின்னேன். அவ போயி எறங்கி ஒம்பதாம் நாள் புள்ளைக்கு ராத்திரியில ரத்தம் கொட்டியிருக்குது. அன்னிக்குன்னு பாத்து மாப்பிள்ளைக்கு நைட் சிப்ட். மயிலாத்தாள்தான் பக்கத்து ரூம் கதவைத் தட்டி, பாசை தெரியாத ஊர்ல ஆளுகளைச் சேத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கறா, அங்க ஆபரேசன் பண்ணிக் கொழந்தையை எடுத்திருக்காங்க. அரை மணி நேரம் தாமசமாயிருந்தா ரெண்டு உசுரும் இல்லைன்னாங்களாம். பொம்பளைப் புள்ளை. ரெண்டு கிலோ முன்னூறு.

இதை எனக்குச் சொன்னது ஆருங்கறீங்க? கோகிலா. பால் ஊத்த வந்தவ, "செக்ரட்டரி, பேத்தி பொறந்திருக்குது, பாக்கறீங்களா?"ன்னு அவ போனை நீட்டறா. மயிலாத்தாள் அவளுக்குத்தான் முதல்ல படம் அனுப்பியிருக்கறா. எல்லாரும் பாத்ததுக்கு அப்பறம் நான் பாத்தேன். துணியில சுத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு. அழுதுட்டேனுங்க. பால்ல தண்ணி பாக்கற லேக்டோமீட்டரைக் கையில புடிச்சுட்டே அழுதேன். அந்த ஒன்னை ஏழுன்னே சொல்லியிருந்தா அவ பதினஞ்சு நாள் முன்னாடியே போயிருப்பா. நான் இன்னும் ஒரு மாசம் இழுத்திருந்தா? இந்தா, அந்தப் படம் இந்தப் போன்லயும் இருக்குது. பாருங்க.

ஆனா வயித்தெரிச்சல் வேறங்க. சிம்மையும் கூடவே கொண்டு போயிட்டா! அங்கயும் வேலை செய்யற மாதிரி மாப்பிள்ளை என்னமோ பண்ணிக் குடுத்திருக்காரு. எங்கூர்க்காரங்க குண்டடத்துல ஒக்காந்துட்டு மஸ்கட்டுக்குப் பேசி நம்பர் வாங்கறாங்க. இவளும் பேத்தியை மடியில போட்டுட்டு அத்தனை பேருக்கும் சொல்லிட்டு இருக்கறா. எதுக்குன்னு ஒருத்தரையாச்சும் கேக்கோணுமில்லீங்களா? கேக்கறதில்லை. வந்துச்சா, சொல்றா, வெச்சர்றா. கோகிலாவுக்குத் தனி ரேசன் கார்டு பத்தே நாள்ல வந்துருச்சு. ராமாத்தா இப்பத் தனியாப் பொங்கித் தின்னுட்டு, மருமக நல்லாப் பேசறாங்கறா. என்ன சொல்றது போங்க.

என்னை ஒருத்தரும் தேடறதில்லை. பால் ஊத்துனாங்களா, போனாங்களா. மொய் வெக்கற எடத்துல வரிசையில நிக்கறேன். காபி வெக்கக் கத்துக்கிட்டேன். ரெண்டு கறவையைக் குடுத்துட்டேன். பொழுதெறங்குனா வூட்டுக்குள்ள போறதுக்கே எனக்கு ஆகறதில்லீங்க. விசா மூணு மாசம்னாங்க. அப்பறம் நீட்டிட்டாங்க. இப்ப அஞ்சு மாசம் ஆச்சு. எப்ப வர்றேன்னு கேட்டேன். பாக்கலாங்கறா.

நான் புது சிம்மு வாங்கிட்டேன், இந்தத் தடவை என்ற பேர்லயே. ஆதார்ல மட்டும் இன்னும் பழைய நம்பருதான் இருக்குது. மாத்தலாம், ஒரு நாள் சோலி. மாத்தலீங்க. அவகிட்டப் பேசறதுக்கு அந்த ஒரு சாக்குத்தான் இருக்குது, அதையும் எதுக்குக் கெடுத்துக்கறதுன்னு.

போன வாரம் குண்டடத்துல அதே சென்டருக்குப் போனேன். அதே புள்ளைதான் இருந்துச்சு, என்னை நிமுந்து ஒரு பார்வை பாத்துச்சு. எனக்குப் பாஸ்போர்ட்டுக்கு எழுதோணும் அம்மிணின்னேன். ஆமாங்க, இப்பப் போறது அதுக்குத்தான். நம்பரு அனுப்பியாச்சு, வாங்கிச் சொல்லுங்கன்னுச்சு. மஸ்கட்டுக்கு அடிச்சேன். அடிக்கறதுக்கு முன்னாடியே பதிலைத் தயார் பண்ணி வெச்சிருந்தேன். அவ எதுக்குன்னு கேப்பா. கேட்டதும் சொல்லீறலாம். பேத்தியைப் பாக்கோணும்னு மொதல்ல சொல்றது. அப்பறம், உன்னையுந்தான்னு. இதை நான் அவகிட்ட இருவத்தெட்டு வருசத்துல சொன்னதில்லீங்க. பஸ் ஸ்டாண்டுல நின்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டேன்.

எடுத்தா. பின்னால கொழந்தை சிணுங்குது. "நம்பரு வந்திருக்குமே"ன்னேன். ஆறு நம்பரையும் நிதானமாச் சொன்னா. நான் தப்பா எழுதிக்கக் கூடாதுன்னு மறுக்காவும் ஒருக்காச் சொன்னா. "செரிங்களா?"ன்னா. செரின்னேன். வெச்சுட்டா.

ஒரு வார்த்தை கேக்கலீங்க, எதுக்குன்னு.

நான் போனைக் காதுல வெச்சுட்டே நின்னேன். அந்தப் புள்ளைதான், "அய்யா, சொல்லுங்க, பத்து நிமிசம் ஆகப் போகுது"ன்னு ஞாபகப்படுத்துச்சு.

இது என்ன எடம், சிங்காநல்லூருங்களா? மணி பத்தே முக்கால்தான். போயிறலாம். விசாவுக்கு மாப்பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கறேன், அவகிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னு. நேரா அங்க போயி எறங்கி, அந்த ரூம் கதவைத் தட்டி, முன்னாடி நின்னேன்னு வெய்யுங்க. அப்பவாச்சும் எதுக்கு வந்தீங்கன்னு கேப்பா இல்லீங்களா?